ஆறு மணிக்கு முன்னால் அமுக்கியவர்கள்

தம்பி,

நலமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ எனக்கு அனுப்பிய முப்பத்தோரு பக்க ரிப்போர்ட்டில் அந்த முறை எதுவும் இல்லாததால் நானும் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கையால் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்ப எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன். கோபம் வந்தாலும் பாதியில் மடித்து வைத்துவிடாதே. கடைசிப் பக்கத்தில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

முதலில் நடந்ததை வரிசையாக வைக்கிறேன். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே குற்றாலத்து மூலிகை எண்ணெயும் தேனும் மிளகும் விற்க நீ ஓர் ஆன்லைன் கடை தொடங்கினாய். கடைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு லிங்க் கொடுத்தாய். லிங்க் வழியாக வந்தவர் ஏதாவது வாங்கினால் அனுப்பியவருக்குக் கமிஷன். சும்மா அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனாலும் இந்த சீசனுக்கு மட்டும் ஒரு சின்னத் தொகை. அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெயர் சொன்னாய். குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டும் உன் அத்தானுக்கும் ஒரு லிங்க் போனது. அவர் அதை க்யூஆர் கோடாக அச்சடித்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டினார். ஜூன் மாத ரிப்போர்ட்டைப் பார்த்த நீ, அவருடைய லிங்கில் எழுநூறுக்குப் பக்கமாகக் கிளிக் விழுந்திருக்கிறது, விற்பனை ஒன்றுகூட இல்லை என்று கண்டுபிடித்தாய். அதை அவரிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போட்டு, “இது யார் வேலைன்னு அத்தானே சொல்லட்டும்” என்று எழுதினாய். சித்தப்பா, பெரியம்மா, உனக்குப் பெண் கொடுக்கப்போகிறவர்கள் உட்பட எல்லோரும் இருக்கிற குழு அது. பிறகு லிங்கை முடக்கினாய். எனக்கு ரிப்போர்ட்டை அனுப்பி, ‘அக்காவை யார் கையில் பிடித்துக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தாய். உன் அத்தான் ஒன்றும் எழுதவில்லை. உன் அக்கா குழுவை விட்டு வெளியேறினாள்.

மறுநாள் அவள் எனக்குப் போன் போட்டாள். அழவில்லை, அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. “அப்பா, தாலியில அவன் முதல் முடிச்ச போடட்டும். மத்த ரெண்டு முடிச்சுக்கும் வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லுங்க. களவாணி பொண்டாட்டி கை அங்கன எதுக்கு?” என்றாள். ஆவணியில் உனக்குக் கல்யாணம். கூடப்பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது நாத்தனார் முடிச்சுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சியைத் தேடுகிற நிலைமை நம் குடும்பத்தில் இதுவரை வந்ததில்லை. பத்திரிகையில் அவர்கள் இருவர் பெயரும் அச்சாகிக் கிடக்கிறது. அதை ஒருவருக்கும் கொடுக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். வழியில் கை காட்டி பஸ்ஸை நிறுத்தி, ஏறி, தலையை எண்ணி, டிக்கெட்டை எண்ணி, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுதான் சோறு போட்ட தொழில். அது வீட்டிலும் என்னை விடவில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். நீ கல்லூரியிலிருந்து வந்தால் சட்டையை ஆணியில் மாட்டுகிற சாக்கில் மோந்து பார்ப்பேன். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். உன் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் ஆட்டோ மீட்டரைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், லைசென்ஸைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். உங்கம்மாவுக்குத்தான் அன்று மானம் போனது. “ஊரையே சந்தேகப்படுதிய. கண்ணாடியில தெரியுத ஆளை மட்டும் விட்டிருதிய” என்று அவள் சொல்வாள். உனக்கு ஐந்து வயதில் டவுன் பஸ்ஸில் மடியில் உட்கார வைத்து, முன்சீட்டிலிருந்து தலை எண்ணச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். வீடு, நிலம் என்று உனக்குப் பெரிதாக ஒன்றும் நான் வைக்கவில்லை. இந்தப் புத்தியை மட்டும் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறேன் என்று உன் ரிப்போர்ட்டைப் பார்த்தபோது தெரிந்தது.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அதை அச்செடுத்து, ஸ்கேலும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் தலை சுற்றியது. அப்புறம் பிடிபட்டது. எந்த ஸ்டாப்பில் எத்தனை டிக்கெட் என்று கண்டக்டர் எழுதிக் கொடுக்கும் வே-பில் மாதிரிதான் இது. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு வரி: எந்தத் தேதி, எத்தனை மணி, யாருடைய லிங்க், என்ன போன், எந்த ஊர், எத்தனை விநாடி நின்றது, வாங்கினாரா இல்லையா. பொருட்காட்சிக்குள் போகிறவன் கையில் சீல் குத்துகிற மாதிரி, ஒருதரம் வந்த போனில் ஓர் அடையாளத்தை ஒட்டி வைத்து, அதே போன் மறுபடி வந்தால் கண்டுகொள்கிறார்களாம். அப்படிப் பார்த்ததில், எழுநூறு கிளிக் என்பது எழுநூறு ஆள் இல்லை. பகலில் ஒன்றிரண்டாக விழுந்தவை போக, இருபத்தேழு போன்கள்தான் தினமும் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. அந்த இருபத்தேழும் காலையில், ஆறு மணி அடிப்பதற்குள். மூன்று விநாடி, நான்கு விநாடி நின்றுவிட்டுப் போய்விடுகின்றன. எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் ‘நேரடி’ என்று மட்டும் இருந்தது. அதில் ஒரு போன் கேரளா என்று காட்டியது. ஓரத்தில் நீ சிவப்பு மையில், ‘ஊரை மறைக்கிறார், கூலிக்கு ஆள் வைத்து அமுக்குகிறார்’ என்று குறித்திருந்தாய். இன்னொரு இடத்தில், ‘மாத நடுவில் அவரே போன் செய்து கிளிக்குக்கு எனக்கு ஒன்றும் தர வேண்டாம், விற்றால் மட்டும் கொடு என்றார், குற்றமுள்ள நெஞ்சு’ என்று எழுதியிருந்தாய். உள்ளதைச் சொல்கிறேன், தம்பி: படித்து முடித்தபோது எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. சபாஷ் என்றுதான் சொல்லிக்கொண்டேன். அந்த டயரைப் பார்த்த அன்றே எனக்குச் சந்தேகம் இருந்தது என்று என்னையும் மெச்சிக்கொண்டேன்.

ஆனாலும் ஆளை நேரில் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதிப் பழக்கமில்லை. யாரிடமும் சொல்லாமல் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. பேரருவிக்குப் போகும் வழியில் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பழக்கடை. மங்குஸ்தான் விலை கேட்கிற பாவனையில் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலை கேட்டே அரை மணி நேரம் போனது. கடைக்காரி என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். மாப்பிள்ளையின் ஆட்டோவில் ஒரு மதுரைக் குடும்பம் ஏறியது. ஐந்தருவிக்குப் போக வேண்டும். வண்டி கிளம்பும் முன்னாலேயே பின்சீட்டுப் பையன் ஸ்டிக்கருக்கு நேராகப் போனைப் பிடித்தான். என்னமோ திறந்தது, அவன் அம்மாவிடம் காட்டினான், அந்தம்மா தலையாட்டினாள். அடுத்த நிமிஷம் எல்லாப் போனும் பிளாஸ்டிக் கவருக்குள் போய், கவர் பைக்குள் போய்விட்டது. அருவிக்குக் குளிக்கப் போகிறவன் கையில் போனை வைத்துக்கொண்டு எண்ணெய் ஆர்டர் போடுவானா? போடவேண்டும் என்று நினைத்தால், ஊருக்குப் போய், தலை காய்ந்து, எண்ணெய் ஞாபகம் வந்த பிறகு போடுவான். பையன் போனிலா போடுவான்? அம்மா தன் போனில் உன் கடைப் பெயரைத் தேடிப் போடுவாள். அப்போது அது யார் அனுப்பிய ஆள் என்று உன் ரிப்போர்ட்டுக்குத் தெரியாது. உன் அத்தான் பெயரில் சுழிதான். அன்றைக்கு இது ஏதோ உறுத்தியது. ஆனால் ஆறு மணிக்கு முன்னால் விழும் கிளிக்குகளை இது விளக்கவில்லையே என்று குடையை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ரிப்போர்ட்டை மறுபடி விரித்தேன். அப்போதுதான் அந்த ஓட்டை கண்ணில் பட்டது. மாத நடுவில் மூன்று நாள் வெறும் கட்டம். காலையிலும் ஒன்றும் இல்லை, பகலிலும் ஒன்றும் இல்லை. காலண்டரைப் பார்த்தேன். எனக்குக் கண்புரை ஆப்பரேஷன் நடந்த மூன்று நாள் அது. முதல் நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தவர் மாப்பிள்ளை. அடுத்த இரண்டு நாளும் நம் வீட்டிலேயே தங்கி, மணி தவறாமல் எனக்குச் சொட்டு மருந்து போட்டவரும் அவர்தான். நல்ல சீசனில் ஆட்டோவை நிறுத்திப்போட்டுவிட்டு வந்திருந்தார். அந்த நன்றி எனக்கு அந்த நிமிஷத்தில் வரவில்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் என் கூட இருந்தார், அதனால் ஆள் வைத்து அமுக்க முடியவில்லை, அதனால் கட்டம் காலி. அகப்பட்டான் என்றுதான் மனம் சொன்னது. பென்சிலால் அந்த மூன்று கட்டத்தையும் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் ‘நிரூபணம்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் எழுந்து, பல் விளக்கி, உங்கம்மா கொடுத்த காப்பியோடு உட்கார்ந்தேன். வழக்கம்போலப் போனை எடுத்தேன். இந்த வழக்கம் உனக்குத் தெரியாது. டெப்போவில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அட்மின் நான். தினமும் ஐந்து ஐம்பதுக்கு ஒரு ரோஜாப்பூப் படமும் காலை வணக்கமும் போடுவேன். அன்றும் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அனுப்பப் போனேன். கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது. மேசைமேல் உன் ரிப்போர்ட் கிடந்தது. ஐந்து ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று, ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநான்கு. போனில் மணி ஐந்து ஐம்பத்தொன்று. அந்தக் குழுவில் எத்தனை பேர் என்று மேலே எழுதியிருக்கும், பார்த்தேன். இருபத்தேழு.

ஏலே தம்பி, அமுக்கியது நான்தான்.

எப்படி என்று கேள். மே மாதம் ஒருநாள் உன் கடை எப்படிப் போகிறது என்று போனில் கேட்டேன். “வாங்காட்டாலும் பரவால்லப்பா, ஆளுக வந்து பாக்கணும். கிளிக் விழணும், அதான் முக்கியம்” என்றாய். கிளிக் விழுந்தால் உன் கடை நிமிரும் என்று நான் எடுத்துக்கொண்டேன். உன் அக்கா ஒருநாள், ‘அப்பா, இதுதான் தம்பி கடை’ என்று எனக்கு ஒரு லிங்க் அனுப்பினாள். அவள் கையில் இருந்தது அவள் புருஷன் லிங்க்தானே, அதைத்தான் அனுப்பினாள். கடைக்கு ஒரு வாசல்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆளுக்கொரு வாசல் வைத்திருப்பாய் என்று யார் கண்டது? ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து ரோஜாப்பூவுக்குக் கீழே அந்த லிங்கையும் போட்டு, ‘நம்ம பையன் கடை, தினம் ஒருமுறை தவறாமல் அமுக்கவும்’ என்று எழுதினேன். எழுதினால் போதுமா? அமுக்கினார்களா என்று பார்க்க வேண்டாமா? ‘அமுக்கியவர்கள் கட்டைவிரல் போடவும்’ என்று உத்தரவும் போட்டேன், நானும் ஒரு அமுக்கு அமுக்கினேன். டெப்போவில் முப்பது வருஷம் டியூட்டி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட கை அவர்களுடையது. காலையில் போட வேண்டிய கையெழுத்து ஒன்று மறுபடி கிடைத்ததில் அவர்களுக்கும் சந்தோஷம்தான். வரிசையாகக் கட்டைவிரல் விழும். விழாதவரைப் பெயர் சொல்லிக் கேட்பேன். மூன்று விநாடி நின்றார்களா, நான்கு விநாடி நின்றார்களா என்றா கேட்கிறாய்? உன் எண்ணெயை அவர்களில் ஒருவரும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. அதில் ஒருவர் புளியரையில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே மலையாளத்து டவர்தான் போனில் முதலில் எட்டும். நீ சிவப்பில் எழுதிய ஊரை மறைக்கிற மர்மம் அவ்வளவுதான்.

அப்போதும் என் புத்தி விடவில்லை. நானே என்று தெரிந்தும் நானேதானா என்று சோதித்தேன். ஜூன் ஏழாம் தேதிக் குழுச் செய்திகளை மேலே தள்ளித் தள்ளி எடுத்து, உன் ரிப்போர்ட்டோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். கிளிக் விழுந்த நிமிஷத்துக்கு அடுத்த நிமிஷம் ஒரு கட்டைவிரல். எல்லா வரியிலும். கண் ஆப்பரேஷன் நாட்களில் கட்டம் ஏன் காலி என்றால், மூன்று நாள் போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்; நான் ரோஜாப்பூ போடவில்லை; போடாததால் அவர்கள் அமுக்கவில்லை. பகலில் ஏன் காலி என்றால் ஆட்டோ ஓடவில்லை. ஆட்டோ ஓடவில்லை என்றால் அது என் கண்ணுக்காக ஓடவில்லை. ‘நிரூபணம்’ என்று எழுதிய பென்சில் எழுத்தை அழித்தேன். அழித்த இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது.

அன்றே குற்றாலத்துக்குப் போனேன். இந்தமுறை குடைக்குள் ஒளியவில்லை. நேரே ஸ்டாண்டுக்குப் போய் மாப்பிள்ளையின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, “மாமா, கண்ணு எப்படி இருக்கு?” என்றார். அந்தக் கேள்வி என்னை என்ன செய்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் என் போன் அவர் சட்டைப்பையில் இருந்தது. ‘இன்னைக்கு அமுக்கணுமா அண்ணாச்சி?’ என்று குழுவில் வந்த கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டியவரே அவர்தான். கண் சரியாகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று போடுங்கள் என்றேன், போட்டதும் அவர்தான். அதில் தன் லிங்கைப் பார்த்திருக்கிறார். ‘அமுக்குற காசு எனக்கு வேண்டாம்’ என்று உனக்கு அவர் போன் செய்தது அதற்கு மறுநாள். நீ குற்றமுள்ள நெஞ்சு என்று எழுதினாயே, அந்தப் போன்.

“தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அது ஒரு விசாரணைதான் பார். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “மாமா, கண்ணுல கட்டோட படுத்திருந்திய. கண்ணு நல்லா ஆறுன பெறவு சொல்லுவோம்னு இருந்தேன். அதுக்குள்ள தம்பி குழுவுல போட்டுட்டான். அதுக்குப் பெறவு ஒங்களக் காட்டிக் குடுத்தா, பெத்த மவன் முன்னால நீங்க தலைகுனியணும். நான் மருமகன்தான. என்னைய நாலு நாள் களவாணின்னா கொறஞ்சா போயிருவேன்?”

குறைந்துபோனது அவர் இல்லை. உன் அக்காவிடம்கூட அவர் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னபோதுதான் அவளுக்குத் தெரியும். அவள் என்னைத் திட்டவில்லை. எனக்குச் சாப்பாடு போட்டாள். ஆனால் முடிச்சைப் பற்றி நான் பேச்செடுத்ததும், “அவன் வந்து கூப்பிடட்டும். ஒங்களுக்காக வர மாட்டேன்” என்றாள். அது நியாயம். அதில் நான் தூது போக முடியாது.

இனி குழுவில் அமுக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே. எழுதிப் போடாமல் ஆளாளுக்குப் போய்ச் சொன்னேன். கடைசியாகப் போன வீடு கோமதிநாயகம் வீடு. உனக்கு அவரைத் தெரியாது. நீ எட்டாவது படிக்கும்போது குற்றாலம் டவுன் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஒரு சீசன் நாளில் நான் செக்கிங்குக்கு ஏறினேன். அறுபதுக்கு மேல் தலை, நாற்பதுக்குள் டிக்கெட். வண்டி இன்னும் கிளம்பவில்லை, திடீரென்று சாரல் வலுத்தது, நனையாமல் இருக்க ஏறி நிற்கிறார்கள், கிளம்பும்போது இறங்கிவிடுவார்கள் என்று அவர் சொன்னார். நான் நம்பவில்லை. பொய் சொல்கிறவன் எப்போதும் மழையைத்தான் சாக்கு சொல்வான் என்று எனக்கு ஒரு கொள்கை இருந்தது. எண்ணினேன், எழுதினேன், அனுப்பினேன். அவருக்குச் சஸ்பென்ஷன், அப்புறம் பிரமோஷன் கடைசிவரை வரவில்லை. நான் வண்டியை விட்டு இறங்கும்போதே என் பின்னால் இருபது இருபத்தைந்து பேர் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன், தம்பி. ரிப்போர்ட் எழுதியாகிவிட்டது, கிழிக்க மனம் வரவில்லை. இதை இதுவரை உங்கம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த மனிதர்தான் எங்கள் குழுவில் தினமும் முதலில் கட்டைவிரல் போடுகிறவர். அவர் பெயர் ஒருநாளும் விடுபட்டதில்லை. நான் போய் விஷயத்தைச் சொன்னதும் வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “அன்னைக்கும் நீரு தலையத்தான் எண்ணுனீரு. எதுக்கு ஏறுனியன்னு ஒருத்தன்கிட்டயும் கேக்கலையே, வே” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். இவ்வளவு வருஷம் கழித்துக் கேட்கிற மன்னிப்பை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. காப்பி குடிக்கிறீரா என்று கேட்டார்.

இனிமேல் சந்தேகப்படாதே என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. நான் மாறவில்லை, நேற்றும் பாலைத் தொட்டுப் பார்த்தேன். சந்தேகப்படு. உன் தொழிலில் நிஜக் களவாணிகளும் இருப்பார்கள். எந்திரம் வைத்து அமுக்குகிறவன், கடை வாசலுக்கு வந்தவனைத் தான் அழைத்து வந்ததாகச் சொல்கிறவன் எல்லாம் இருப்பான். ஆனால் ஆளுக்கு முன்னால் அந்தக் காகிதத்தைச் சந்தேகப்படு. கிளிக் என்பது ஒரு விரல் பட்டது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. யார் விரல், எதற்காகப் பட்டது, அந்த நேரத்தில் அங்கே மழையா வெயிலா என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் இல்லை. கிளிக் கூடினால் ஏன் கூடியது என்று கேட்டாய், சரி. மூன்று நாள் விழாமல் இருந்ததே, அது ஏன் என்று நீ கேட்டிருந்தால், உன் அத்தான் எங்கே இருந்தார் என்று தெரிந்திருக்கும். உன் அப்பனுக்கு ஆப்பரேஷன் நடந்த தேதி உனக்கு ஞாபகம் இருந்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். அதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கொஞ்சம் குத்தத்தான் எழுதினேன், போகட்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்பா மருமகனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறார் என்று உனக்குத் தோன்றும். தோன்றாவிட்டால் நீ என் பிள்ளையே இல்லை. அதனால் என் வார்த்தையை நம்பு என்று கேட்கவில்லை. முடக்கிய லிங்கை அமுக்கினாலும் உன் ரிப்போர்ட்டில் ஒரு வரி விழும் என்று மாப்பிள்ளை சொன்னார். இந்தக் கடிதம் திங்கட்கிழமை உன் கைக்கு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை காலை அந்த லிங்கின் ரிப்போர்ட்டைத் திறந்து பார். ஒன்றும் விழுந்திருக்காது. குழுவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, ரோஜாப்பூ மட்டும்தான் போகும். புதன்கிழமை காலை சரியாக ஆறு மணிக்கு ஒரே ஒரு கிளிக் விழும். நம் ஊர் தென்காசி என்று காட்டும். மூன்று விநாடி நிற்காது, முழுதாக ஒரு நிமிஷம் நிற்கும். உன் கடையில் என்னதான் விற்கிறாய் என்று இதுவரை நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பார்க்கிறேன். அந்த ஒரு வரியை என் கையெழுத்தாக எடுத்துக்கொள்.

அதைப் பார்த்ததும் எனக்குப் போன் போடாதே. உன் அத்தானுக்குப் போடு.

இப்படிக்கு,
அப்பா